நூல் யாருடையது, பிரதி யாரிடம்?
மதுரையை முன்வைத்து, தமிழில் அறிவின் பொதுவுடைமை குறித்து ஒரு விசாரணை

1. கேள்வி

தமிழில் அறிவுப் பொதுவுடைமை பற்றிய பேச்சு பெரும்பாலும் பதிப்புரிமையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஓர் எழுத்தாளர் மறைந்து சில காலம் ஆனதும் அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழும். சட்டமன்றத்தில் அறிவிப்பு வரும். குடும்பத்தாரிடம் நூலுரிமைத் தொகைக்கான காசோலையை வழங்கும் படம் மறுநாள் நாளிதழில் வெளியாகும். அத்துடன் அந்த நூல்கள் மக்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டதாக எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம்.

உரிமை பொதுவானால் நூலும் பொதுவாகிவிடுகிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பெரும்பாலும் ஆவதில்லை என்பது என் முடிவு. தமிழ் நூல்களைப் பொறுத்தவரை வாசகரின் வழியை மறிப்பவர் அநேகமாக உரிமையாளர் அல்லர். பிரதியைக் கையில் வைத்திருப்பவர்தான். அவர் நூலகமாக இருக்கலாம், அரசுத் துறையாக இருக்கலாம், பூட்டிய பீரோவைப் பரம்பரையாகக் காத்துவரும் ஒரு குடும்பமாகவும் இருக்கலாம். சட்டம் வழிவிட்ட பிறகும் அந்தப் பூட்டு அப்படியேதான் தொங்குகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க மதுரை பொருத்தமான களம். 1901இல் தமிழ் நூல்களைத் திரட்டவென்றே ஒரு சங்கம் இங்கே தோன்றியது. 1998இல் இந்த ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்டு, ஆனால் இந்த ஊரில் ஓர் அறைகூட இல்லாமல், தமிழின் முதல் பெரிய மின்னூல் முயற்சி தொடங்கியது. சுற்றியுள்ள குன்றுகளின் கல்வெட்டுகளும் கீழடி அகழாய்வும் எழுப்பிய வழக்குகளும் வாதங்களும், அரசின் கையில் இருக்கும் அறிவு யாருக்குரியது என்ற கேள்வியை அண்மையில் மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தன.

2. பிரதி இல்லாத ஊர்

மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றிய கதை பலரும் அறிந்தது. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் சொற்பொழிவுக்காக மதுரைக்கு வந்தவர், குறிப்பெடுத்துக்கொள்ளத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டார். ஊரில் கிடைக்கவில்லை. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்ததாகச் சொல்லப்படும் நகரில் குறளுக்கே பஞ்சமா என்று வருந்தி, 1901 செப்டம்பர் 14 அன்று சங்கத்தைத் தொடங்கினார் என்பார்கள். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி துணை நின்றார். செந்தமிழ்க் கல்லூரி, பாண்டியன் புத்தகசாலை, அச்சகம் ஆகியவை அதன் கிளைகளாயின. 1902இல் தொடங்கிய ‘செந்தமிழ்’ இதழுக்கு ரா. இராகவையங்கார் முதல் ஆசிரியர்.

கதையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. திருக்குறள் 1812இலேயே சென்னையில் அச்சேறிவிட்டது. அதன் பிறகு வந்த பதிப்புகள் பல. கம்பராமாயணக் காண்டங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திரும்பத் திரும்ப அச்சாயின. மதுரையில் ஒரு பிரதிகூட இருந்திருக்காது என்பது நம்பக் கடினம். தேவர் கேட்ட இடத்தில், கேட்ட நேரத்தில் கிடைக்கவில்லை என்பதே நடந்திருக்கக்கூடியது. ஆனால் கதையின் பொருள் இதனால் குறையவில்லை. குறளுக்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிட்டார்கள். அப்படியிருந்தும் ஜமீன்தார் ஒருவரின் கைக்கே அது எட்டவில்லை. இருப்பது ஒன்று, கைக்கு எட்டுவது வேறொன்று என்ற வேறுபாடு சங்கத்தின் தோற்றக் கதையிலேயே இருக்கிறது.

பாண்டித்துரைத் தேவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் இன்னொரு செய்தியை நம் ஆய்வாளர்கள் பெருமையோடு மட்டுமே மேற்கோள் காட்டுகிறார்கள். ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் குறளில் எதுகை மோனை பிழைபட்டிருப்பதாக எண்ணி, தாமே திருத்தி அச்சிட்டாராம். தேவர் அந்தப் பிரதிகள் அத்தனையையும் விலை கொடுத்து வாங்கி அழித்துவிட்டாராம். இது எந்த அளவுக்கு உண்மையோ, மக்கள் இதை விரும்பிச் சொல்லிவந்தார்கள் என்பது உண்மை. திருத்தப்பட்ட குறள் வேடிக்கையானதுதான், சந்தேகமில்லை. ஆனாலும் நூலைத் திரட்டிக் காத்தவரும் நூலை வாங்கி அழித்தவரும் ஒருவரே என்று சொல்லும் இந்தக் கதை யோசிக்க வைக்கிறது. பிரதிகள் யாரிடம் சேர்கின்றனவோ, எதைப் படிக்கலாம் என்ற முடிவும் அவரிடம் சேர்ந்துவிடுகிறது. அவர் நல்லவராக அமைவது வாசகரின் அதிர்ஷ்டம்.

சங்கத்தின் கொடை சிறிதல்ல. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்தும் அச்சிட ஆளில்லாமல் வைத்திருந்த ‘அபிதான சிந்தாமணி’யை 1910இல் வெளியிட்டது இச்சங்கமே. ஆனால் புரவலரை நம்பிய அமைப்புக்குப் புரவலரின் ஆயுளே எல்லை. 1911 டிசம்பரில் தேவர் மறைந்தபோது அவருக்கு 44 வயதுதான். மறுபக்கம், 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டப்படி அச்சான ஒவ்வொரு நூலின் பிரதியையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவற்றில் தெரிந்தெடுத்தவை லண்டனுக்குப் போயின. மக்களைக் கண்காணிக்க வந்த சட்டம் நூல்களைக் காத்தது. அதனால்தான் உள்ளூரில் தேடி அலுத்த ஒரு பழைய பிரசுரம் சில வேளை பிரிட்டிஷ் நூலகத்தின் பட்டியலில் தட்டுப்படுகிறது.

3. உரிமையை வாங்குதல்: பாரதி முதல் இன்றுவரை

பாரதிக்கும் மதுரைக்கும் உள்ள உறவு குறுகியது. 1904இல் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தார். அச்சில் வந்த அவருடைய முதல் கவிதையாக அறியப்படும் ‘தனிமை இரக்கம்’ அதே ஆண்டு மதுரையிலிருந்து வெளிவந்த ‘விவேகபாநு’ இதழில்தான் வந்தது. நாட்டுடைமை என்ற ஏற்பாடே அவருக்காக உருவானது என்பதால் இங்கு அவர் வருகிறார்.

அந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். பாரதி பாடல்களை இசைத்தட்டில் பதியவும் ஒலிபரப்பவுமான உரிமை கைமாறி ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்திருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது மோதல் எழுந்தது. தேசியக் கவியின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி வாங்குவதா என்று தமிழகம் முழுவதும் கிளர்ச்சி பரவியது. 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அரசு உரிமையை ஏற்றது. குடும்பத்தாருக்குப் பணம் வழங்கப்பட்டது. செட்டியார் தம்மிடமிருந்ததை விலை பெறாமல் விட்டுக்கொடுத்தார். அன்றிருந்த சட்டப்படி ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அரசு தலையிடாவிட்டால் 1971 முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். இருபதாண்டுக்கும் மேலான காலத்தை மக்களுக்கு மீட்டுக் கொடுத்த செயல் அது.

ஆனால் 1949இல் திறந்தது அச்சிடும் உரிமை. பாரதி எழுதியவை முழுவதும் அப்போது யார் கையிலும் இல்லை. ‘இந்தியா’, ‘சுதேசமித்திரன்’ முதலிய இதழ்களின் பழைய தொகுதிகளில், புனைபெயர்களின் கீழ், கையொப்பமே இல்லாத பத்திகளில் அவை சிதறிக் கிடந்தன. ரா. அ. பத்மநாபன், பெ. தூரன் போன்றவர்கள் பல்லாண்டு தேடினார்கள். சீனி. விசுவநாதன் காலவரிசையில் தொகுத்த பாரதி படைப்புகள் 23 தொகுதிகளாக நிறைவுற ஆயுளின் பெரும்பகுதி ஆயிற்று. உரிமை ஓர் அரசாணையில் முடிந்த வேலை. பிரதியைத் தேடுவதற்கோ முக்கால் நூற்றாண்டு போயிற்று. அந்த வேலையில் அரசின் பங்கு சொற்பம்.

பாரதிக்குப் பின் நாட்டுடைமை தமிழ்நாட்டின் தனிச் சிறப்பான நடைமுறையாக வளர்ந்தது. இன்று அப்பட்டியலில் 150க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 50 ஆண்டு என்றே தொடங்கியது. தாகூர் நூல்களின் உரிமை முடியவிருந்ததை ஒட்டி 1992இல் 60 ஆக நீட்டினார்கள். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் நாட்டுடைமையின் பயன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். 2002இல் நாட்டுடைமையாக்கியிராவிட்டாலும் 2009 ஜனவரி 1 அன்று அவர் எழுத்து தானே பொதுவாகியிருக்கும். கல்கி 1954இல் மறைந்தார். அவருக்கும் 2015இல் அது நடந்திருக்கும். அரசு வாங்கியது சில ஆண்டுகளை மட்டுமே.

வறுமையில் வாடிய எழுத்தாளர் குடும்பங்களுக்கு அந்தத் தொகை உதவியது என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது நியாயமான உதவி. ஆனால் அதை உதவி என்றே சொல்வோம். நூலை மக்களிடம் சேர்க்கும் திட்டமாக அதைக் கணக்கில் எழுதினால், நூலின் நம்பகமான பாடம் எங்கே, தேடக்கூடிய மின்வடிவம் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கும். புதுமைப்பித்தன் கதைகளுக்கு வேங்கடாசலபதி தயாரித்த செம்பதிப்பு நாட்டுடைமைக்கு முன்பே, 2000இல் வந்தது. நாட்டுடைமைக்குப் பின் சந்தைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை மெய்ப்புக்கூட ஒழுங்காகப் பார்க்காத மலிவுப் பதிப்புகள். நூலுரிமைத் தொகை எதுவும் பெறாமல் 2024இல் மு. கருணாநிதியின் நூல்கள் நாட்டுடைமையாயின; அவரைப் போன்ற வெகுவாக அச்சான ஆசிரியருக்குப் பிரதித் தட்டுப்பாடு இல்லை. தட்டுப்பாடு உள்ளவர்கள் ஆயிரம் பிரதி அச்சிட்டு அறுநூறு விற்ற ஆசிரியர்கள்.

உரிமையே தடையாக நிற்கும் இடமும் உண்டு என்பதை மறுக்க முடியாது. ‘குடிஅரசு’ இதழில் வந்த பெரியார் எழுத்துகளைப் பெரியார் திராவிடர் கழகம் தொகுத்தபோது, அவ்வுரிமை தங்கள் அறக்கட்டளையுடையது என்று கி. வீரமணி தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. 2009இல் நீதிபதி கே. சந்துரு தடை தர மறுத்தார். அந்த வழக்கு மறுபக்கம் தீர்ந்திருந்தால் 2033 முடியும்வரை பெரியார் ஒரே பதிப்பகத்தின் வழியாகத்தான் கிடைத்திருப்பார். எனவே உரிமைக்கான போராட்டம் வீண் என்பது என் வாதமல்ல. அது பாதி வேலை. மறுபாதியைச் செய்ய நம்மிடம் துறையும் இல்லை, நிதித் தலைப்பும் இல்லை.

4. மதுரையில் இல்லாத மதுரை

அந்த மறுபாதியை அரசுக்கு முன்பே, அரசு இல்லாமலே செய்யத் தொடங்கியவர்கள் 1998 பொங்கலன்று ‘மதுரைத் திட்ட’த்தை அறிவித்தார்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் தலைவர், அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனன் துணைத் தலைவர். 1971இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் முன்மாதிரி. முதல் எண் பெற்ற நூல் திருக்குறள். 1901இல் தேவருக்குக் கிடைக்காத நூலே 1998இல் முதலில் ஏறியது தற்செயல் என்றுதான் நினைக்கிறேன். எங்கு தொடங்கினாலும் தமிழர் குறளில்தான் தொடங்குவார்கள்.

அத்திட்டத்தின் நடைமுறை எளிது. உரிமை முடிந்த நூல், அல்லது உரிமையாளர் இசைவு தந்த நூல். அதைத் தட்டச்சு செய்ய ஒருவர், மெய்ப்புப் பார்க்க ஒருவர். இருவரும் வெவ்வேறு கண்டங்களில் இருப்பார்கள், ஊதியம் கிடையாது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் யார் உள்ளிட்டார், யார் திருத்தினார் என்ற குறிப்பு இருக்கும். அத்தலைப்பை மாற்றாமல் எவரும் எங்கும் பரப்பலாம் என்பது மட்டுமே நிபந்தனை. பழைய ஏட்டில் எழுதி முடித்தவர் தம் பெயரையும் நாளையும் கடைசியில் குறிப்பாரே, அந்த வழக்கத்தின் தொடர்ச்சியாக இதைக் கொள்ளலாம்.

இங்கே எதிர்ப்பட்ட தடை பதிப்புரிமை அல்ல, எழுத்துரு. தொண்ணூறுகளில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியீட்டை வைத்திருந்தது. ஒன்றில் அடித்தது மற்றொன்றில் பூச்சி பூச்சியாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. உலகத் தமிழர் பலர் திஸ்கி என்ற வேறொரு தரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் இருந்தும் அன்றைய கணினிகளில் அது சரியாக இயங்க வருடங்களாயின. மதுரைத் திட்டம் தன் கோப்புகளை முதலில் இணைமதி எழுத்துருவிலும் பின்பு திஸ்கியிலும் பின்பு யூனிகோடிலும் மாற்றி மாற்றி வைத்தது. தமிழக அரசு யூனிகோடை முறையாக ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். இடைப்பட்ட காலத்தில் அரசு அலுவலகங்களிலும் பதிப்பகங்களிலும் தட்டச்சான பக்கங்களில் எத்தனை இன்று திறக்க முடியாத கோப்புகளாகக் கிடக்கின்றனவோ. உரிமைச் சட்டம் எதுவும் அவற்றைப் பூட்டவில்லை. பொதுத்தரம் இல்லாமையே பூட்டியது.

மதுரைத் திட்டத்தின் குறையையும் சொல்ல வேண்டும். தொடக்கக் கோப்புகள் சிலவற்றில் எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்து உள்ளிட்டார்கள் என்ற குறிப்பு போதுமான அளவு இல்லை. பாடபேதம் காட்டுவதில்லை. ஆய்வாளர் அதை மேற்கோள் காட்டத் தயங்குவது இதனால்தான். ஆனாலும் எல்லோரும் அதில் தேடிவிட்டுப் பின்னர் அச்சு நூலின் பக்க எண்ணைக் குறிப்பில் எழுதுகிறார்கள். கல்விப்புலத்தின் இந்தச் சிறு நேர்மையின்மை பற்றி யாரும் பேசுவதில்லை.

அரசின் பங்கு பின்னர் வந்தது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருக்கும் நிறுவனம் பெரும் மின்நூலகம் ஒன்றை நடத்துகிறது. நாட்டுடைமையான நூல்களில் ஏறத்தாழ 2,000ஐ, எந்த நிபந்தனையும் இல்லாத பொது உரிமத்தில், விக்கிமூலத்துக்கு அது வழங்கியது. என் பார்வையில் 1949க்குப் பின் நாட்டுடைமை வரலாற்றில் நடந்த மிகப் பெரிய நிகழ்வு இதுதான். இருந்தும் வந்தவை பக்கப் படங்கள். எழுத்துணரி மென்பொருள் படத்தை எழுத்தாக மாற்றும். மாற்றியதை வரிவரியாகத் திருத்த ஆள் வேண்டும். திருத்தம் இன்றும் தன்னார்வலர்கள் கையில், மெதுவாக நடக்கிறது.

படத்துக்கும் எழுத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவர்கள் பார்வையற்ற மாணவர் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம். திரைவாசிப்பான் எழுத்தைத்தான் படிக்கும். பக்கப் படம் அதற்கு வெற்றுத்தாள். பார்வைக் குறைபாடு உள்ளோருக்கு நூல்களைத் தடையின்றி வழங்கும் மராக்கேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில், 2014இல், ஏற்ற நாடு இந்தியா. 2012ஆம் ஆண்டுத் திருத்தமே அதற்கான விலக்கைச் சட்டத்தில் சேர்த்துவிட்டது. ஆகச் சட்டப்படி அந்த மாணவருக்கு எல்லாத் தமிழ் நூலும் திறந்திருக்கிறது. நடப்பில் அவர் சக மாணவரைக் கெஞ்சி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்கிறார்.

5. பதிப்பாசிரியரும் ஆளற்ற நூல்களும்

சங்கப் பாட்டுக்கு உரிமை இல்லை. ஆனால் அதன் பதிப்புக்கு? உ.வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அவருடைய முன்னுரைகளும் குறிப்புரைகளும் 2003 முதல் எல்லோருக்கும் உரியவை. அதுவரை மூலப்பாட்டை அவர் பதிப்பிலிருந்து எடுத்தாள்வது குற்றமா என்பது தெளிவில்லாமல் இருந்தது. 2007இல் உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் தந்த தீர்ப்பு இதற்கு ஓரளவு வழி காட்டுகிறது. நீதிமன்றத் தீர்ப்பின் மூலவாசகம் பொது. அதைச் சீர்படுத்த வெறும் உழைப்புச் செலவிட்டதால் மட்டும் உரிமை பிறக்காது, திறனும் தேர்வும் சிறிதளவேனும் படைப்பாற்றலும் வேண்டும் என்றது. பத்தி பிரித்து எண்ணிட்டது போன்ற சிலவற்றுக்கு மட்டும் உரிமை உண்டு என்று ஏற்றது.

இதைத் தமிழுக்குப் பொருத்தினால் சங்கடமான இடம் ஒன்று வருகிறது. மர்ரே எஸ். ராஜம் ஐம்பதுகளில் சந்தி பிரித்து, பொது வாசகரும் படிக்கும்படி, மிகக் குறைந்த விலைக்குப் பழந்தமிழ் நூல்களை வெளியிட்டார். சந்தி பிரிப்பது இயந்திர வேலை அல்ல; எங்கே பிரிக்கிறோம் என்பது எப்படிப் பொருள் கொள்கிறோம் என்பதுதான். அப்படியானால் அது பத்தி பிரிப்பதைவிட மேலான தேர்வு. உரிமை கோர வலுவான அடிப்படை. ராஜம் 1986இல் மறைந்தார். அக்கணக்கில் புறநானூற்றின் படிக்கத்தக்க வடிவம் ஒன்று 2046 முடியும்வரை ஒருவருக்கு உரியது என்று ஒரு வழக்கறிஞர் வாதாட முடியும். மக்கள் படிக்க வேண்டும் என்றே விலையைக் குறைத்தவரின் பெயரால் இது நடந்தால் கொடுமை. நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்பது என் நிலை. ஏற்காது என்று உறுதி கூற இயலவில்லை.

இன்னும் சிக்கலானவை ஆளற்ற நூல்கள். மீனாட்சியம்மன் கோவிலுக்குக் கிழக்கே புதுமண்டபத்தில் புத்தகக் கடைகள் தலைமுறை தலைமுறையாக இயங்கின. இ.மா. கோபாலகிருஷ்ணக் கோன் போன்றவர்கள் அங்கிருந்து காப்பியம் முதல் அம்மானை, கதைப்பாட்டு, சோதிடம்வரை அச்சிட்டு விற்றார்கள். கடைகள் இப்போது இடம் மாறிவிட்டன. அந்தப் பிரசுரங்களின் ஆசிரியர்கள் யார், எப்போது மறைந்தார்கள், வாரிசு எங்கே? ஆசிரியர் பெயரே இல்லாதவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பெயர் மட்டும் இருந்து ஆள் தெரியாதவற்றுக்கு 31ஏ பிரிவின்படி கட்டாய உரிமம் கோரலாம். நாளிதழில் விளம்பரம் கொடுத்து, தீர்ப்பாயத்தை அணுகி, கட்டணம் செலுத்தி. அத்தீர்ப்பாயத்தை 2021இல் கலைத்து வேலையை நீதிமன்றங்களிடம் கொடுத்துவிட்டார்கள். எட்டுப் பக்கக் கொலைச்சிந்து ஒன்றுக்காக இத்தனையும் செய்யப்போகிறவர் யார்? ஒன்றும் செய்யாமல் இருப்பதே எல்லோருக்கும் பாதுகாப்பு. தாள் மட்டும் பொடிந்துகொண்டிருக்கிறது.

6. அரசின் அலமாரி

இதுவரை பார்த்தவற்றில் எங்கோ ஒரு தனியார் உரிமை, குறைந்தது அதன் நிழல், இருந்தது. தனியார் எவருமே இல்லாத இடத்தில் என் வாதம் நிற்கிறதா? மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் நல்ல சோதனை.

மாங்குளம் குகைக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சிவெல் கண்டார். அவை தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் காட்டினார். அவற்றில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் இருப்பதை ஐராவதம் மகாதேவன் அறுபதுகளில் படித்தார். எண்பதாண்டுக்கும் மேலான இந்த இடைவெளியை நிரப்பியது பல கண்கள் ஒரே கல்லை, ஒரே படியைத் திரும்பத் திரும்பப் பார்த்ததுதான். மகாதேவன் தொழில்முறைக் கல்வெட்டறிஞர் அல்லர், ஆட்சிப்பணி அலுவலர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். படிகள் துறைக்குள்ளேயே முடங்கியிருந்தால் அவருக்கு வழி ஏது?

தென்னகமெங்கும் எடுக்கப்பட்ட கல்வெட்டுப் படிகள், மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு உதகையிலிருந்து இடம்பெயர்ந்ததால் மைசூருக்குப் போய்ச் சேர்ந்தன. ஆண்டறிக்கையில் ஒரு வரிச் சுருக்கம் வந்து, முழு வாசகம் அச்சேறாமலே இருக்கும் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில், தமிழ்ப் படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி உத்தரவிட்டது. தமிழகம் மகிழ்ந்தது. மொழியுணர்வு சார்ந்த வழக்காக அது பேசப்பட்டதில், எளிய கேள்வி ஒன்று விட்டுப்போயிற்று: நல்ல தெளிவில் படமெடுத்து இணையத்தில் வைத்துவிட்டால் மைசூர் என்ன, சென்னை என்ன? பூட்டை ஊர் மாற்றுவதைப் பூட்டைத் திறப்பதாக எண்ணிவிட்டோம்.

கீழடியில் இதே சிக்கல் அரசியல் வடிவம் எடுத்தது. மதுரைக்குத் தென்கிழக்கே, வைகைக் கரையில், முதல் இரு கட்ட அகழாய்வை மத்தியத் தொல்லியல் துறைக்காக நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் ஒப்படைத்தார். 2025 மே மாதத்தில் அது திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. காலக்கணிப்புக்குப் போதிய சான்று வேண்டும் என்பது துறையின் கூற்று. அடுக்கும் கரிமக் கணிப்பும் தெளிவாகவே உள்ளன என்பது அவர் பதில். மாநிலத் தொல்லியல் துறையோ தன் நான்காம் கட்ட முடிவுகளை 2019இலேயே நூலாக்கி எவரும் பதிவிறக்கும்படி செய்திருந்தது. அதைப் படித்து மறுத்தவர்கள் உண்டு, ஏற்றவர்கள் உண்டு. மறுக்க அவர்களுக்கு ஒரு பிரதி கிடைத்தது. காலத்தைப் பற்றி எந்தத் தரப்பு சரி என்று சொல்ல இக்கட்டுரை முயலவில்லை. பொதுப்பணத்தில் தோண்டிய குழியின் தரவு வெளியே இருந்தால் சர்ச்சை ஆய்விதழ்களில் நடக்கும். உள்ளே இருந்தால் மேடைகளில் நடக்கும். நடந்தது இரண்டாவது.

இதே போக்கை இன்றைய அறிவியல் இதழ்களிலும் காணலாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாயைப் பன்னாட்டுப் பதிப்பகங்களுக்கு வழங்கி, ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு நடத்தும் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்தது. காமராசர் பல்கலைக்கழக மாணவருக்கு இது பெரும் வரம். ஆனால் நிறுவனத்தின் கதவுக்கு வெளியே நிற்பவருக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு, தாமாகவே கல்வெட்டு தேடி மலையேறுகிறவருக்கு ஒன்றுமில்லை. சந்தா முடியும் நாளில் கையில் எது மிஞ்சும் என்பதும் கேள்வி. உரிமையாளருக்குப் பணம் கொடுத்தாயிற்று, வேலை முடிந்தது என்ற நாட்டுடைமை மனப்பான்மை இங்கே பல மடங்கு பெருகித் தெரிகிறது.

7. எதிர்வாதமும் நடைமுறையும்

திறந்து வைப்பதற்கு எதிராக இப்போது புதிதாக ஒரு வாதம் வலுப்பெற்றுவருகிறது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் திறந்த தமிழ் நூல்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் லாபம் பார்க்கும். ஆகவே நூலகங்கள் கதவைச் சாத்திக்கொள்வதே நல்லது என்கிறார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊதியமின்றி மெய்ப்புப் பார்த்த ஒருவரின் உழைப்பை, தலைப்புக் குறிப்பைக்கூட வெட்டி எறிந்துவிட்டு, ஒரு பெருநிறுவனம் பயன்படுத்துவது நெறியல்ல. ஆனால் கதவைச் சாத்தினால் வெளியே நிற்கப்போவது யார்? பெருநிறுவனத்துக்குப் பணமும் வழக்கறிஞரும் உண்டு. ஒப்பந்தம் போட்டு உள்ளே வந்துவிடும். உசிலம்பட்டியிலிருந்து பேருந்தில் வரும் முனைவர் பட்ட மாணவிதான் அடையாள அட்டையும் பரிந்துரைக் கடிதமும் இல்லாமல் வாசலில் நிற்பார். திறந்த பாடத்துக்கு மூலம் சொல்லும் கடமையை விதிக்கலாம். பாடத்தையே மறைக்க அது காரணமாகாது.

அப்படியானால் என்ன செய்யலாம் என்ற கேள்விக்குப் பெரிய சட்டத் திருத்தம் எதையும் நான் முன்வைக்கவில்லை. நூலகம் தன்னிடமுள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்படி எடுக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தமே இடம் தருகிறது. உரிமை முடிந்த நூலுக்கு அந்த அனுமதியும் தேவையில்லை. மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2 லட்சம் சதுர அடிக்கு மேல் பரந்தது. ஒரு தளத்தின் மூலையில் ஏடும் தாளும் படியெடுக்கும் கூடம் நடத்த இடம் நிச்சயம் உண்டு. நாட்டுடைமை அரசாணையில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்: தொகை வழங்கும் முன்பு ஆசிரியரின் நூல் பட்டியல், ஒவ்வொரு நூலின் முதற்பதிப்புப் பிரதி, இயன்றால் கையெழுத்துப்படி ஆகியவற்றை அரசு பெற்று, படமாகவும் திருத்திய எழுத்தாகவும் ஓராண்டுக்குள் வெளியிட வேண்டும். திருத்தும் வேலைக்கு ஊதியம் தர வேண்டும். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டுத் துணிக்கடையில் நிற்கிற பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனையோ பேர். மெய்ப்புப் பார்க்க அவர்களைவிடத் தகுதியானவர்களை எங்கே தேடுவது?

தொடங்க வேண்டிய இடம் ‘செந்தமிழ்’ இதழின் பழைய தொகுதிகள் என்பது என் பரிந்துரை. இதழில் எழுதியவர்கள் பலர் என்பதால் கட்டுரைதோறும் உரிமைக் கணக்கு வேறுபடும். ரா. இராகவையங்கார் 1946இல் மறைந்தார். அவர் எழுத்து 2007இலேயே பொதுவாகிவிட்டது. மு. இராகவையங்கார் 1960இல் மறைந்தார். அவர் எழுத்து 2021இல் பொதுவானது. மற்றவர்களின் மறைவாண்டைக் கண்டறிந்து கட்டுரைவாரியாக அட்டவணை போட வேண்டும். முதல் இருபதாண்டுத் தொகுதிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு எந்தத் தடையும் இராது என்றே அந்த அட்டவணை காட்டும். எஞ்சிய சிலவற்றுக்கு வாரிசுகளைத் தேடி இசைவுக் கடிதம் வாங்கலாம். பெரும்பாலோர் கேட்டதும் தந்துவிடுவார்கள், இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதுதான் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்.